அல்போமிஷ் யாருடைய வீரன்? உஸ்பெக் தேசமும் ஒரு நாட்டார் காவியமும்

1999ஆம் ஆண்டு உஸ்பெகிஸ்தானின் தெற்கு மூலையில், ஆப்கானிஸ்தான் எல்லையை ஒட்டி ஆமூ தர்யா கரையில் இருக்கும் தெர்மெஸ் நகரத்தில் ஒரு பெரிய பிறந்தநாள் விழா நடந்தது. பிறந்தநாள் கண்டது ஒரு கதை. ‘அல்போமிஷ்’ என்ற வாய்மொழிக் காவியத்துக்கு ஆயிரம் வயது நிறைந்துவிட்டது என்று அரசு அறிவித்தது. யுனெஸ்கோவும் கைகோத்தது. நகரத்தில் காவிய நாயகனுக்கு நினைவுச் சின்னம் எழும்பியது. சுதந்திரம் வாங்கி எட்டே வருடம் ஆன நாடு அது.

ஆயிரம் என்ற கணக்கு எங்கிருந்து வந்தது? வாய்வழியாக வந்த கதைக்குப் பிறப்புச் சான்றிதழ் கிடையாது. இந்தக் காவியத்தை ஆழமாக ஆராய்ந்தவர்களில் முக்கியமானவரான ரஷ்ய அறிஞர் விக்தர் ஷிர்முன்ஸ்கி, கதையின் பழைய கரு அல்தாய் மலையடிவாரத்துத் துருக்கிய இனக்குழுக்களிடம் அதற்கும் முன்பே இருந்திருக்கும் என்றார். இன்று பாடப்படும் வடிவம் 16ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், நாடோடி உஸ்பெக்குகள் இந்தப் பகுதிக்கு வந்து குடியேறிய காலத்தில் உருவாகியிருக்கும் என்பது அவர் கணிப்பு. ஆக, ஆயிரத்து ஐந்நூறு என்றும் சொல்லலாம், ஐந்நூறு என்றும் சொல்லலாம். ஆனால் பக்கத்து வீடான கிர்கிஸ்தான் 1995இல் தன் ‘மனாஸ்’ காவியத்துக்கு ஆயிரமாவது ஆண்டு கொண்டாடி முடித்திருந்தது. அஜர்பைஜான் 2000இல் ‘தெதெ கோர்குத்’ கதைகளுக்கு 1300ஆம் ஆண்டு கொண்டாடியது. சோவியத் ஒன்றியம் உடைந்து பிறந்த நாடுகள் ஒவ்வொன்றும் தன் வயதைக் கூட்டிச் சொல்ல ஆசைப்பட்ட காலம் அது. அப்படிப் பார்த்தால் ஆயிரம் என்ற எண் காவியத்தைப் பற்றிச் சொல்வதைவிட 1990களைப் பற்றித்தான் அதிகம் சொல்கிறது.

இன்றைய வரைபடத்தில் உள்ள உஸ்பெகிஸ்தான் 1924இல் பிறந்தது. அதற்கு முன் அந்த நிலப்பரப்பு புகாரா அமீரகம், கீவா கானரசு, ரஷ்யர்கள் பிடித்து வைத்திருந்த துர்கிஸ்தான் (பழைய கோக்கந்த் கானரசும் இதில் அடக்கம்) என்று பிரிந்து கிடந்தது. அன்றைக்கு ஒருவரிடம் ‘நீ யார்’ என்று கேட்டால் முஸ்லிம் என்பார், சமர்கந்துக்காரன் என்பார், அல்லது தன் இனக்குழுவின் பெயரைச் சொல்வார். நகரங்களில் இருந்தவர்களைச் சார்த் என்றழைத்தார்கள். உஸ்பெக் என்பது பெரும்பாலும் இனக்குழு வழக்கத்தை விடாத, ஆடுமாடு மேய்க்கும் கூட்டத்தாருக்கான பெயராக இருந்தது. புகாராவை மங்கித் குழுவும் கீவாவை கோங்கிராத் குழுவும் 1920 வரை ஆண்டன. மாஸ்கோ கோடு போட்டு எல்லை வகுத்தபோது, இத்தனை பேரையும் ‘நாம் ஒரே மக்கள்’ என்று நம்பவைக்கும் பொருள் ஏதாவது தேவைப்பட்டது. அந்த வேலை பாதிக்கு மேல் நாட்டார் பாட்டின் தலையில் விழுந்தது.

சரி, கதைக்கு வருவோம். கதை தெரியாமல் அதன் அரசியல் பிடிபடாது.

பதினாறு கிளைகள் கொண்ட கோங்கிராத் குடியில் அண்ணன் பாய்போரி, தம்பி பாய்சரி என்று இரண்டு தலைவர்கள். இருவருக்கும் பிள்ளை இல்லை. ஒரு விருந்துக்குப் போன இடத்தில், வாரிசு இல்லாதவர்கள் என்று அவர்களை மதிக்க ஆளில்லை. மனம் நொந்து ஷாஹிமர்தான் என்ற புனிதரின் அடக்கத்தலத்தில் போய்த் தவம் கிடக்கிறார்கள். அருள் கிடைக்கிறது. அண்ணனுக்கு ஓர் ஆணும் ஒரு பெண்ணும் இரட்டையராகப் பிறக்கிறார்கள்: ஹக்கீம்பேக், கல்திர்காச். தம்பிக்குப் பார்ச்சின் என்ற மகள். ஹக்கீமுக்குப் பார்ச்சின் என்று தொட்டிலிலேயே நிச்சயம் ஆகிவிடுகிறது. (சித்தப்பா மகளைக் கட்டுவதா என்று நமக்குத் தூக்கிவாரிப் போடும். அங்கே அது வழக்கம்.) ஏழு வயதில் ஹக்கீம், தாத்தா விட்டுப்போன பதினான்கு பத்மான் எடையுள்ள வெண்கல வில்லைத் தூக்கி வளைத்து, தொலைவில் இருந்த மலையுச்சியைச் சிதறடிக்கிறான். அன்றிலிருந்து அவன் அல்போமிஷ்.

அடுத்து நடப்பதுதான் இந்தக் காவியத்தை மற்ற வீரகதைகளிலிருந்து பிரித்துக் காட்டுகிறது. சண்டை எதிரியால் வரவில்லை, வரியால் வருகிறது. இஸ்லாமியச் சட்டப்படி செல்வந்தர்கள் ஸக்காத் கொடுக்க வேண்டும் என்று படித்துத் தெரிந்துகொண்ட மகன், சித்தப்பாவிடமும் வாங்கலாமே என்கிறான். பாய்போரி ஆளனுப்புகிறான். பாய்சரிக்குக் கோபம் தலைக்கேறுகிறது. சொந்த அண்ணனுக்கு வரி கட்டுவதா? பத்தாயிரம் குடும்பங்களைக் கூட்டிக்கொண்டு, ஆடுமாடுகளை ஓட்டிக்கொண்டு, கல்மிக் நாட்டுக்குப் புறப்பட்டுவிடுகிறான். கல்மிக்குகள் மங்கோலிய வம்சத்தினர், புத்த மதத்தினர். 16ஆம் நூற்றாண்டிலிருந்து 18ஆம் நூற்றாண்டு வரை மத்திய ஆசிய மேய்ச்சல் மக்களுக்கு அவர்களுடைய படையெடுப்பு நிஜமான பயம். அந்தப் பயம் கதைக்குள் உறைந்து கிடக்கிறது.

அங்கே பார்ச்சினின் அழகைக் கேள்விப்பட்டுத் தொண்ணூறு கல்மிக் மல்லர்கள் பெண் கேட்டு நிற்கிறார்கள். அவள் அழுது ஒடுங்கிப் போகிறவள் இல்லை. அல்போமிஷுக்கு ஆளனுப்பிவிட்டு, வந்து நிற்கிற எல்லோருக்கும் சேர்த்துப் போட்டி வைக்கிறாள்: குதிரைப் பந்தயம், வில் ஒடியாமல் அம்பெய்தல், ஆயிரம் அடி தூரத்திலிருந்து நாணயத்தைக் குறிபார்த்து அடித்தல், மல்யுத்தம். அல்போமிஷ் வரும் வழியில் காராஜான் என்ற கல்மிக் வீரன் அவனுக்கு நண்பனாகி, இஸ்லாத்தையும் ஏற்கிறான். பந்தயத்தில் பாய்ச்சிபார் என்ற குதிரையை ஓட்டுவது நாயகன் அல்ல, இந்தக் காராஜான்தான். மற்ற கல்மிக்குகள் குதிரையின் குளம்பில் ஆணியடித்தும் அது முதலில் வந்து சேர்கிறது. கல்யாணம் முடிகிறது. பார்ச்சினோடு குடிகள் ஊர் திரும்புகின்றன. ஆனால் பாய்சரி ரோஷம் விடாமல் அங்கேயே தங்கிவிடுகிறான்.

இரண்டாம் பாகத்தில், கல்மிக் நாட்டில் சொத்தெல்லாம் பறிபோய்ச் சீரழிந்து கிடக்கும் மாமனாரை மீட்கத் திரும்பப் போகும் அல்போமிஷ் ஒரு கிழவியின் சூழ்ச்சியில் சிக்குகிறான். மது கொடுத்து மயக்கி, தங்கியிருந்த வீட்டுக்குத் தீ வைக்கிறார்கள். கூட வந்த நாற்பது பேரும் எரிந்து போகிறார்கள். இவனைத் தீ சுடவில்லை, வாள் வெட்டவில்லை, அம்பு தைக்கவில்லை. வேறு வழியின்றி நிலவறையில் தள்ளுகிறார்கள். ஏழு வருடம் அங்கே. காயம்பட்டு விழுந்த ஒரு வாத்தைத் தேற்றி, அதன் மூலம் ஊருக்குக் கடிதம் அனுப்புகிறான். செய்தி கிடைத்துக் காராஜான் ஓடி வந்து குழிக்குள் கயிறு விடுகிறான். பாதி ஏறியதும் நாயகனுக்கு ஒரு நினைப்பு: நாளைக்கு இவன், ‘உன்னை நான்தானே தூக்கிவிட்டேன்’ என்று சொல்லிக் காட்டினால்? ஏறாமல் கயிற்றை அறுத்துவிட்டு மறுபடி குழிக்குள் விழுகிறான். காவிய நாயகன் இப்படி அற்பமான ஒரு வீம்புக்காக மேலும் கொஞ்ச காலம் சிறையில் கிடப்பது எனக்கு மிகவும் பிடித்த இடம். தேசிய வீரனாக்கப்பட்ட பிறகு மேடைகளில் இந்த இடம் பெரிதாக எடுத்துச் சொல்லப்படுவதில்லை, காரணம் ஊகிக்கக்கூடியதே. கடைசியில் கல்மிக் இளவரசி தோவ்காவின் உதவியாலும், வால் நீண்டு வளர்ந்து குழிக்குள் இறங்கும் குதிரையாலும் வெளியே வருகிறான்.

ஊரில் இதற்குள் அடிமைப் பெண்ணின் மகனான உல்தோன்தோஸ் அதிகாரத்தைப் பிடித்துக்கொண்டு, அல்போமிஷைப் பெற்றவர்களை இழிவுபடுத்தி, பார்ச்சினைக் கட்டாயக் கல்யாணம் செய்யப் பார்க்கிறான். அல்போமிஷ் குல்தாய் என்ற கிழட்டு இடையனின் வேஷத்தில் கல்யாண வீட்டுக்குள் நுழைகிறான். வந்தவன் யாரென்று தெரியாமலே பார்ச்சின் அவனோடு கல்யாணப் பாட்டில் எதிர்ப்பாட்டு பாடுகிறாள். பழைய வெண்கல வில்லை வேறு யாராலும் வளைக்க முடியவில்லை, இவன் வளைக்கிறான். ஹோமரின் ஒடிசியூஸ் ஊர் திரும்பும் காட்சிக்கும் இதற்கும் உள்ள ஒற்றுமையைப் பற்றி அறிஞர்கள் நிறைய எழுதியிருக்கிறார்கள். முடிவில் பாய்சரியும் திரும்புகிறான். பதினாறு கிளையும் ஒன்று சேர்கிறது.

பிரிந்தவர் கூடுகிறார்கள், அபகரித்தவன் தொலைகிறான், எல்லோரும் ஒரே தலைமையின் கீழ் வருகிறார்கள். புதிதாகப் பிறந்த ஓர் அரசுக்கு இதைவிடத் தோதான கதை கிடைக்குமா?

ஆனால் இதைப் பாடிக் காத்தவர்களுக்கு அரசைப் பற்றிய கவலை இருந்திருக்காது. பஹ்ஷி என்பது பாடகருக்குப் பெயர். கையில் தொம்புரா, இரண்டு நரம்பு, விரல் வைக்கச் சுரக்கட்டை கிடையாது. சுர்ஹந்தர்யா, காஷ்கதர்யா பக்கத்துப் பஹ்ஷிகள் தொண்டையை இறுக்கி, அடித்தொண்டையிலிருந்து உறுமலாகப் பாடுவார்கள். முதன்முறை கேட்பவர் இவருக்கு உடம்பு சரியில்லையோ என்றுகூட நினைக்கலாம். கொரஸ்ம் பக்கத்தில் நிலைமை வேறு: திறந்த குரல், துதார், கிஜ்ஜாக் என்று பக்கவாத்தியக் கூட்டமே இருக்கும். பெண்கள் கூடும் இடங்களில் பாட ஹல்ஃபா என்ற பெண் பாடகர்களும் அங்கே உண்டு. இருட்டியதும் பாட்டு தொடங்கும். முதலில் சின்னச் சின்ன ‘தெர்மா’ பாட்டுகள், இன்றைக்கு என்ன பாடட்டும் என்று சபையைக் கேட்கிற மாதிரி. பிறகு காவியம். நடுராத்திரியில் கதை முறுகும் இடமாகப் பார்த்து நிறுத்திவிட்டு, தொம்புராவைக் கவிழ்த்து வைத்துவிட்டு எழுந்துவிடுவார். மீதிக் கதை வேண்டுமென்றால் சபை பணமோ துணியோ சேர்த்துவைக்க வேண்டும். அப்புறம் விடியும்வரை ஓடும். ஒரே காவியம் பல இரவுகள் நீள்வதும் உண்டு.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று. பஹ்ஷி மனப்பாடம் செய்து ஒப்பிப்பவர் அல்ல. கதையின் எலும்புக்கூடும், குதிரை ஓட்டத்துக்கு, பெண் வருணனைக்கு, போருக்கு என்று குருவிடம் கற்ற வாய்ப்பாட்டு வரிகளும் அவரிடம் இருக்கும். மீதியை அன்றைய சபை தீர்மானிக்கும். கோங்கிராத் குடியினர் உட்கார்ந்திருந்தால் குடிப்பெருமை நீளும். இளவட்டம் அதிகம் என்றால் மல்யுத்தம் நீளும். ஆகவே ‘அல்போமிஷ்’ என்று ஒரே ஒரு நூல் எந்தக் காலத்திலும் இருந்ததில்லை. முப்பதுக்கும் மேற்பட்ட உஸ்பெக் வடிவங்கள் பதிவாகியிருக்கின்றன.

அதில் ஒன்றை எடுத்து ‘இதுதான் அது’ என்று ஆக்கியது ஆய்வாளர்களின் வேலை. அந்த வடிவத்தைப் பாடியவர் ஃபாஸில் யோல்தாஷ் (1872–1955). சமர்கந்துக்குப் பக்கத்தில் புலுங்கூர் வட்டாரத்தைச் சேர்ந்தவர். இளமையில் ஆடு மேய்த்தவர். 1928இல் அவர் பாடப் பாட மஹ்மூத் ஸரீஃபோவ் எழுதிக்கொண்டார். ஏறத்தாழ 14,000 வரி. அதைச் சுருக்கி 1939இல் புத்தகமாக்கியவர் கவிஞர் ஹமீத் ஆலிம்ஜான். காவியம் நடக்கும் பாய்சூன் தெற்கே மலைப்பகுதியில் இருக்க, இன்று தேசிய வடிவமாக நிற்பது சமர்கந்துப் பக்கத்துக்காரர் வாயிலிருந்து வந்தது. அரபி எழுத்தின் அந்திமக் காலத்தில் பதிவு, லத்தீன் எழுத்தின் குறுகிய காலத்தில் அச்சு, அடுத்த வருடமே நாடு சிரிலிக் எழுத்துக்குத் தாவியது, 1993இல் மறுபடி லத்தீனுக்கு மாற முடிவு. ஒரு தலைமுறை படித்ததை அடுத்த தலைமுறை படிக்க முடியாத இந்தக் குழப்பத்துக்கு நடுவில், எழுத்தைச் சாராமல் நின்றது வாய்ப்பாட்டுதான் என்பது ஒரு வேடிக்கை.

ஃபாஸில் பழங்கதையின் காவலர் மட்டுமல்ல. ஜார் அரசு போர்க்கால உழைப்புக்கு ஆளெடுத்ததை எதிர்த்து 1916இல் ஜிஸாக்கில் வெடித்த கலகத்தைப் பற்றியும் அவர் காவியம் கட்டிப் பாடியிருக்கிறார். நாட்டார் மரபு என்றால் பழசு, உறைந்துபோனது என்று நினைப்பவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

எழுதியெடுத்தவர்களின் கதை சோகமானது. 1920களில் நாட்டார் பாட்டுகளையும் பழைய துருக்கிய இலக்கியத்தையும் தேடித் தொகுத்த சீர்திருத்தத் தலைமுறையின் முன்னணி அறிஞர் அப்துரவுஃப் ஃபித்ரத். நம் மொழி பாரசீகத்தின் நிழல் அல்ல, தனக்கென்று வேர் உள்ளது என்று காட்டுவது அவர்கள் நோக்கம். ஸ்டாலின் அரசு அவரை 1938 அக்டோபரில் சுட்டுக் கொன்றது. கவிஞர் சோல்பானும் அதே அலையில் போனார். தேசியப் பண்பாட்டுக்கு வேலை செய் என்று 1924இல் சொன்ன அரசுதான், அதையே செய்ததற்காக ‘தேசியவாதி’ என்று குற்றம் சாட்டியது. தப்பிப் பிழைத்து உஸ்பெக் நாட்டார் வழக்காற்றியலை ஒரு துறையாக நிலைநிறுத்தியவர் ஹாதி ஸரீஃபோவ். அவரும் ஷிர்முன்ஸ்கியும் சேர்ந்து எழுதிய உஸ்பெக் வீரகாவிய ஆய்வு 1947இல் ரஷ்ய மொழியில் வந்தது.

நிம்மதி நீடிக்கவில்லை. 1951–52இல் துருக்கிய மக்களின் காவியங்கள் ஒவ்வொன்றாகக் குற்றவாளிக் கூண்டில் ஏறின. அஜர்பைஜானில் தெதெ கோர்குத், கிர்கிஸில் மனாஸ், உஸ்பெக்கில் அல்போமிஷ். நிலப்பிரபுக்களைப் புகழ்கிறது, மதத்தைப் பரப்புகிறது, அனைத்துத் துருக்கியவாதத்துக்குத் தூபம் போடுகிறது என்று பத்திரிகைகளில் தாக்கினார்கள். பத்து வருடத்துக்கு முன், ஜெர்மனியோடு போர் நடந்தபோது, இதே வீரகதைகள் மக்களுக்குத் தைரியம் ஊட்டத் தேவைப்பட்டிருந்தன. ஸ்டாலின் 1953இல் இறந்தார். 1956இல் தாஷ்கந்தில் அறிஞர் மாநாடு கூட்டி, அல்போமிஷ் மக்களின் படைப்புதான் என்று தீர்ப்பு மாற்றப்பட்டது. மாநாடு போட்டு ஒரு கதைக்கு விடுதலை வாங்கிக்கொடுத்த கூத்து உலகத்தில் வேறெங்கும் அதிகம் நடந்திருக்காது.

இந்தத் தடைதான் காவியத்துக்குப் பின்னாளில் பெரிய பலமானது என்று எனக்குத் தோன்றுகிறது. அரசே பயந்து தடுத்த பொருள் என்ற பெயர் ஒரு கதைக்குக் கிடைத்துவிட்டால், அதை வைத்திருப்பதே ஒரு பெருமையாகிவிடுகிறது. நவ்ரூஸுக்கும் இதே கதை நடந்தது. வசந்தத் திருநாளான அதை 1980களின் பிற்பகுதியில் உஸ்பெக் கட்சித் தலைமை பழைமைவாதம் என்று ஒதுக்கப் பார்த்தது. சில வருடத்திலேயே பின்வாங்கி அதை அரசு விடுமுறையாக்க வேண்டிவந்தது.

சுதந்திரத்துக்குப் பின் ஜனாதிபதி இஸ்லாம் கரிமோவ் முதலில் பிடித்தது அல்போமிஷை அல்ல, தைமூரை. 1993இல் தாஷ்கந்தின் மையச் சதுக்கத்தில், ஒரு காலத்தில் கார்ல் மார்க்ஸ் இருந்த இடத்தில், குதிரைமேல் தைமூர் சிலை ஏறியது. இதில் ஒரு வரலாற்றுச் சங்கடம் உண்டு. தைமூரின் வாரிசுகளைச் சமர்கந்திலிருந்து விரட்டியதே ஷைபானி கான் தலைமையில் வந்த நாடோடி உஸ்பெக்குகள்தான். அப்படி விரட்டப்பட்டவர்களில் ஒருவரான பாபர் தெற்கே வந்து டெல்லியைப் பிடித்தது நமக்குத் தெரிந்த கதை. தைமூர் நகரத்தின், அரண்மனையின் நாயகன். அல்போமிஷ் மேய்ச்சல் நிலத்தின், கூடாரத்தின் நாயகன். விரட்டப்பட்டவரின் முன்னோரையும் விரட்டியவர்களின் காவியத்தையும் ஒரே தேசத்தின் இரண்டு தூண்களாக நிறுத்தியதுதான் 1990களின் சாமர்த்தியம். தைமூர் அரசுக்கு வயதும் கம்பீரமும் கொடுத்தார். ஆனால் அவர் எவருக்கும் சித்தப்பா ஆக முடியாது. குடும்பச் சண்டை, ரோஷம், பிரிவு, ஊர் ஏக்கம் இதெல்லாம் காவியத்தில்தான் இருந்தது.

காவியம் சிலையோடு நிற்கவில்லை, பள்ளி மைதானத்துக்கும் போனது. மாணவர்களின் உடற்தகுதிச் சோதனைத் திட்டத்துக்கு ‘அல்போமிஷ்’, ‘பார்ச்சினாய்’ என்று பெயர் வைத்தார்கள். கதையில் வரும் மல்யுத்தமான குராஷ் சர்வதேச விளையாட்டாக்கப்பட்டது; அதற்கான உலகச் சங்கம் 1998இல் தாஷ்கந்தில் தொடங்கியது. 2018 ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் குராஷ் இடம்பெற்றபோது இந்தியப் பெண்கள் இருவர் பதக்கம் வாங்கினார்கள். பார்ச்சினின் போட்டி அங்கே தொடங்கி இவ்வளவு தூரம் வந்திருக்கிறது.

யுனெஸ்கோ பட்டியல் இன்னொரு களம். 2001இல் பாய்சூன் வட்டாரத்தின் பண்பாட்டு வெளி மனிதகுலத்தின் வாய்மொழிப் பாரம்பரியப் படைப்பாக அறிவிக்கப்பட்டது. 2021இல் பஹ்ஷி கலையும் பட்டியலில் ஏறியது. 2019இல் தெர்மெஸில் சர்வதேச பஹ்ஷி விழா நடத்தினார்கள். பஹ்ஷிகளுக்கு அரசுப் பட்டம் உண்டு.

ஆனால் பாய்சூனை அருகில் போய்ப் பார்த்தால் ‘தேசிய’ என்ற சொல் கொஞ்சம் வழுக்கும். அங்கே தாஜிக் பேசும் குடும்பங்களும் உஸ்பெக் பேசும் குடும்பங்களும் கலந்து வாழ்கின்றன. ஒரே கல்யாணத்தில் இரண்டு மொழிப் பாட்டும் கேட்கும். சமர்கந்த், புகாரா நகரத்தார் பலரின் வீட்டு மொழியும் தாஜிக்தான். அவர்களின் பாட்டிமார் அல்போமிஷைக் கேட்டு வளர்ந்திருக்க வாய்ப்பு குறைவு. அவர்களுக்கு ஷஷ்மகோம் என்ற செவ்வியல் இசை இருந்தது. அதைத் தாஜிகிஸ்தானோடு கூட்டாகத்தான் யுனெஸ்கோவில் பதிய முடிந்தது. ஃபெர்கானா பள்ளத்தாக்கில் காவிய மரபு மெலிது. அங்கே கூட்டம் கூடினால் அஸ்கியா: இரண்டு அணியாக உட்கார்ந்து, ஒரு பொருளை வைத்துச் சிலேடையால் ஒருவரையொருவர் வாரிவிடும் வாய்ச்சண்டை. கொரஸ்முக்கு லஸ்கி நடனம். உஸ்பெக் வீடுகளில் மிஞ்சிய துணித்துண்டுகளைச் சேர்த்துக் ‘குரோக்’ என்ற ஒட்டுத்துணி விரிப்பு தைப்பார்கள். தேசியப் பண்பாடு அங்கே தயாரான விதமும் அதுதான், தையல் தெரிகிறது.

மொழியிலும் அந்தத் தையல் உண்டு. 1930களில் எழுத்து மொழிக்கு அடிப்படையாக எடுக்கப்பட்டது தாஷ்கந்த், ஃபெர்கானா நகரப் பேச்சு. காவியம் பாடியவர்களோ பெரும்பாலும் கிப்சாக் வகைப் பேச்சு வழங்கும் மேய்ச்சல் குடிகளைச் சேர்ந்தவர்கள். பள்ளியில் பையன் கற்கும் உஸ்பெக் வேறு, அவனுடைய தேசிய காவியம் பேசும் உஸ்பெக் வேறு. அருஞ்சொற்பொருள் இல்லாமல் தாஷ்கந்து மாணவனுக்குப் பல வரிகள் ஓடாது.

எல்லாத் தையலையும் தாண்டி எல்லோருக்கும் பொதுவாக நிற்பவர் ஒருவர் இருக்கிறார்: கழுதைமேல் வரும் நஸ்ருத்தீன் அஃபந்தி. நகரத்தானும் சிரிப்பான், இடையனும் சிரிப்பான், தாஜிக்கும் சிரிப்பார். புகாராவில் லப்-இ ஹவுஸ் குளக்கரையில் சோவியத் காலத்திலேயே அவருக்குச் சிலை வந்துவிட்டது. ஆனால் அவரைத் துருக்கி முதல் பல நாடுகள் சொந்தம் கொண்டாடுகின்றன. அதோடு அவர் அதிகாரிகளைக் கேலி செய்பவர். அரசு விழாவின் தலைமை விருந்தினராக உட்கார வைக்கக் கொஞ்சம் சிரமமான ஆள்.

அல்போமிஷும் ஒரே நாட்டுக்குச் சொந்தமல்ல. கஸாக்குகள், கரகல்பாக்குகள், தாதார்கள், பாஷ்கிர்கள், அல்தாய் மக்கள் என்று ஆளாளுக்கு ஒரு வடிவம் இருக்கிறது. உஸ்பெக் வடிவம் புத்தகமாவதற்கு முன்பே வேறு வடிவம் அச்சேறிவிட்டது. ஜியெமுராத் என்ற கரகல்பாக் பாடகரிடம் கேட்டு எழுதிய வடிவம் 1901இல் தாஷ்கந்தில் வெளியானது. கஸாக், கரகல்பாக் வடிவங்களிலும் கதை நடக்கும் ஊர் பாய்சூன்தான். உஸ்பெக் தரப்பு இதைத் தன் உரிமைக்குச் சான்றாகச் சொல்லும். மறுதரப்பு, எங்கள் முன்னோரும் அந்த வழியாக வந்தவர்களே என்று சொல்லும். இரண்டும் நியாயம்தான். கோங்கிராத் என்ற பெயரே எல்லைக்கோட்டை மதிப்பதில்லை. கரகல்பாக்குகளின் இரண்டு பெரும் பிரிவுகளில் ஒன்றுக்கு அதுதான் பெயர்.

கரகல்பாக்ஸ்தான் இன்று உஸ்பெகிஸ்தானுக்குள் ஒரு தன்னாட்சிக் குடியரசு. 2022 ஜூலையில், பிரிந்து போகும் உரிமையை அரசியல் சாசனத்திலிருந்து நீக்கும் யோசனை வந்தபோது தலைநகர் நூகுஸில் மக்கள் தெருவுக்கு வந்தார்கள். அரசுக் கணக்கிலேயே 21 பேர் இறந்தார்கள். யோசனை கைவிடப்பட்டது. இதற்கும் காவியத்துக்கும் நேரடித் தொடர்பு எதுவும் இல்லை. ஆனால் ‘ஒற்றுமையின் காவியம்’ என்று அரசு மேடையில் சொல்லப்படும் கதையைப் படிக்கும்போது, அண்ணனின் ஆளுகையை ஏற்காமல் வெளியேறும் தம்பியைக் காவியம் எப்படி நடத்துகிறது என்று கொஞ்சம் கூர்ந்து பார்க்கத் தோன்றுகிறது.

ஃபாஸில் யோல்தாஷின் பாட்டில் பாய்சரி துரோகி அல்ல. முடிவெடுக்கும் முன் அவன் தன் குடிகளைக் கூட்டி, நடந்ததைச் சொல்லி, ‘பத்தாயிரம் வீட்டுக் கோங்கிராத்தே, எனக்கு யோசனை சொல்’ என்று திரும்பத் திரும்பக் கேட்கிறான். அந்த வரி பல்லவிபோல வந்துகொண்டே இருக்கிறது. அவனுடைய அவமானத்தையும் குழப்பத்தையும் பாடகர் அவசரப்படாமல், அவன் பக்கம் நின்றே பாடுகிறார். வரி கேட்ட அண்ணன் சரியா, கொடுக்க மறுத்த தம்பி சரியா என்று அவர் தீர்ப்புச் சொல்வதில்லை. கேட்ட சபைகளிலும் இரண்டு கட்சியும் இருந்திருக்கும். அண்ணன் தம்பி சொத்துச் சண்டை இல்லாத ஊர் ஏது. அந்த இடத்தை எவ்வளவு நேரம் பாடுவது என்பது அன்று பஹ்ஷியும் சபையும் பேசி முடிவு செய்துகொண்ட விஷயம். இன்று அதை விழா நிகழ்ச்சி நிரலும் பாடநூல் குழுவும் முடிவு செய்கின்றன.